மேல் இடது மூலையில் மூன்று

போன மாதம் டேக்வாண்டோ பெல்ட் தேர்வுக்கு நடுவராகப் போயிருந்தேன். பயிற்சிக்கூடமான டோஜாங்கின் சுவரில் கொரியக் கொடி தலைகீழாகத் தொங்கியது. நீலம் மேலே, சிவப்பு கீழே. கட்டியவர் கறுப்பு பெல்ட்காரர். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. நாம் சொல்லிக் கொடுத்திருந்தால்தானே?

சரிபார்ப்பது எளிது. மூலைகளில் உள்ள கறுப்புக் கோட்டுத் துண்டுகளை எண்ணுங்கள். மேல் இடதில் மூன்று, அதற்குக் கீழே நான்கு, மேல் வலதில் ஐந்து, கீழ் வலதில் ஆறு. வரிசைப்படி வானம், நெருப்பு, நீர், நிலம் ஆகியவற்றின் குறிகள். 1882இல் பாக் யோங்-ஹ்யோ ஜப்பானுக்குத் தூது போனபோது ஏற்றிய கொடி, மறு ஆண்டே நாட்டுக் கொடியானது. அளவுகளைக் கறாராக வரையறுத்தது 1949இல்தான். அதனால் பழைய படங்களில் குறிகள் இடம் மாறியிருந்தால் பதற வேண்டாம்.

குறிகள் மொத்தம் எட்டு. கொடியில் ஏறாத ஏரி, இடி, காற்று, மலை நான்கும் நம் தரையில் இருக்கின்றன. டேகுக் பூம்சே எனும் நம் அசைவு வடிவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. டேகுக் 1 வானம், மூன்றும் முழுக்கோடு. டேகுக் 8 நிலம். மூன்றும் உடைந்த கோடு. இடையில் ஏரி, நெருப்பு, இடி, காற்று, நீர், மலை என்று வரிசை. கால் நடக்கும் தடத்தின் வரைபடமும் அந்தந்தக் குறியின் கோடுகளை ஒட்டியதே. நாமோ “ஆறாவது முடிஞ்சுதா, ஏழுக்குப் போ” என்று எண்ணிக்கையிலேயே வகுப்பை ஓட்டுகிறோம். ஆறாவது நீர் என்று தெரிந்த பிள்ளையிடம், அசைவுக்கு அசைவு வெட்டி நிற்காதே என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழாவது மலை, அங்கே நிற்கத்தான் வேண்டும்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. குறிகள் தொன்மையானவை, பூம்சே அப்படியல்ல. டேகுக் வரிசை, பால்குவே வரிசையின் இடத்துக்கு 1970களின் தொடக்கத்தில் வந்தது. நம்மில் மூத்தவர்கள் சிலரைவிட அதற்கு வயது குறைவு. துண்டறிக்கையில் ‘ஈராயிரம் ஆண்டுப் பூம்சே’ என்று அச்சிடுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஐ.டி.எஃப். (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழியில் வந்த வாசகர்களுக்குக் கொடியைவிட எண்கள்தான் சின்னம். 1919 மார்ச் 1 கொரிய விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள் 33 பேர். சாம்-இல் வடிவத்தின் அசைவுகளும் 33. ஜுங்-குன் வடிவத்துக்கு 32, அது விடுதலை வீரர் ஆன் ஜுங்-குன் தூக்கிலிடப்பட்ட வயது என்று தேர்வில் எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். இம்முறை ஒரு சிறுமி மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். 1879இல் பிறந்தவர், 1910 மார்ச்சில் இறந்தார், அப்படியானால் 30தானே சார் என்றாள். பக்கத்தில் இருந்த நடுவர் தவறான விடை என்று குறிக்கப் போனார். அன்றைய கொரிய வழக்கில் பிறந்த அன்றே வயது ஒன்று, புத்தாண்டுதோறும் ஒன்று கூடியது. அப்படி எண்ணினால் 32. அவளுக்கு முழு மதிப்பெண் போடச் சொன்னேன்.