சாய்ந்த சுவரும் பழைய புல்லட்டின் முன் பிரேக்கும்

அல்லாஹ்வின் திருப்பெயரால்…

ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களில் 'சாய்ந்த சுவர்' என்றொரு பாடம் உண்டு. ஒருவருடைய வீட்டுச் சுவர் பொதுவழியை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. "இது விழப்போகிறது, இடித்துவிடுங்கள்" என்று அவருக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. இடிக்க வசதியும் அவகாசமும் இருந்தும் அவர் வாளாவிருக்கிறார். பின்னர் அச்சுவர் விழுந்து வழிப்போக்கர் ஒருவர் மாண்டால், ஈட்டுத்தொகைக்கான பொறுப்பு சுவருக்கு உரியவரைச் சாரும். "நான் யாரையும் தள்ளவில்லை, சுவர்தானே விழுந்தது" என்ற வாதம் அங்கே எடுபடாது. அறிந்தும் சரிசெய்யாமல் விட்டதே குற்றம்.

இப்பாடத்தை ஆண்டுதோறும் மத்ரஸாவில் நடத்திவரும் நாமே, ஆறாண்டுகளாகச் சாய்ந்த சுவர் ஒன்றைத் தெருத்தெருவாக ஓட்டித் திரிந்தோம். வாப்பா விட்டுச் சென்ற, எண்பதுகளில் வாங்கிய 350 சிசி என்ஃபீல்டு புல்லட்டையே சொல்கிறோம். அதன் முன் பிரேக் பெயரளவில் இருந்தது. பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெல்லத் தயங்குமேயன்றி நிற்காது. பட்டறையில் சொன்னபோது, "முன் பிரேக்கை நம்பாதீங்க ஹஜ்ரத். புல்லட்டுன்னா அப்படித்தான் இருக்கும். ஒரிஜினல் பீஸ், கை வச்சுடாதீங்க" என்றார்கள். நமக்கும் அச்சொல் இனித்தது. கை வைக்கவில்லை.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டைக்குச் சென்றுகொண்டிருந்தோம். பின்னிருக்கையில் ஹிஃப்ழு மாணவர் ஒருவர். வேகம் 45 இருக்கும். ஆடு ஒன்றை விரட்டியவாறு மூதாட்டி ஒருவர் திடீரெனச் சாலைக்குள் வந்தார். முன் பிடி கைப்பிடியோடு ஒட்டும் அளவுக்கு அழுத்தினோம், காலாலும் மிதித்தோம். பின்சக்கரம் தேய்ந்து இழுபட்டது, வண்டி நிற்கவில்லை. அம்மூதாட்டி இரண்டடி பின்வாங்கினார். அவர் நின்றிருந்த இடத்தைக் கடந்து சென்ற பிறகே வண்டி நின்றது. அவரைக் காத்தது நம் பிரேக் அன்று. அல்லாஹ் அவர் கால்களுக்குத் தந்த விரைவு. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இக்கட்டுரை அந்த இரவின் கடன்.

பழைய வண்டிகளை நேசிக்கும் சகோதரர்கள் நம் சமுதாயத்தில் பலர் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் முன் பிரேக்கை மேம்படுத்த மறுக்கின்றனர். அதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் ஒவ்வொன்றும் பிழையானவை என்பதே நமது வாதம்.

'பழமை கெட்டுவிடும்' என்போருக்கு

வண்டி ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், மாற்றினால் மதிப்புப் போய்விடும் என்கின்றனர். அவர்களிடம் கேட்கிறோம்: உங்கள் வண்டியின் சைலென்சர் ஆலையிலிருந்து வந்ததா? தெருவையே அதிரவைத்து, நோயாளியின் உறக்கத்தையும் தொழுவோரின் ஓர்மையையும் குலைக்கும் அக்குழாயை வாங்கியபோது பழமை கெடவில்லையா? கைப்பிடியை மாற்றினீர்கள், விளக்கை மாற்றினீர்கள், இருக்கைக்குப் புதுத்தோல் போட்டீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் தெரிவதையெல்லாம் மாற்றிவிட்டு, உயிரைக் காப்பதைத் தொடும்போது மட்டும் பழமை நினைவுக்கு வருகிறதே, அது ஏன்?

புல்லட்டின் வரலாறும் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக 'என்ஃபீல்டு இந்தியா' உருவாகி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அன்று தொட்டு அவ்வண்டியின் உருவம் பெரிதும் மாறவில்லை. முன் பிரேக்கோ மாறிக்கொண்டே வந்துள்ளது. ஒரு கேம் கொண்ட டிரம்முக்குப் பின், சில வகைகளில் இரு கேம் கொண்ட டிரம் வந்தது. 2009இல் வெளிவந்த 'கிளாசிக்' வண்டிகள் முன்சக்கரத்தில் 280 மில்லிமீட்டர் டிஸ்க்குடன் வந்தன. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. செய்தவர்களே போதாதென்று கண்டு மாற்றிய ஒன்றைப் 'பாரம்பரியம்' என்று நாம் கட்டிக் காப்பது என்ன நியாயம்?

'முன் பிரேக் கவிழ்த்துவிடும்' என்போருக்கு

நம் ஊர்களில் வண்டி ஓட்டக் கற்றுத்தரும்போதே இவ்வச்சத்தையும் சேர்த்தே கற்றுத்தருகின்றனர். உண்மை இதற்கு மாறானது. வண்டியை நிறுத்த முயலும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரம் தரையை இறுகப் பற்றுகிறது. பின்சக்கரமோ பாரம் குறைந்து பிடியை இழக்கிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன்சக்கரத்திலேயே உள்ளது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவர் இழுபட்டுச் செல்வாரேயன்றி நிற்கமாட்டார். நாம் அன்று கண்டதும் அதுவே. மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் வழுக்கும் என்பது மெய்தான். அதற்குத் தீர்வு பதமாக அழுத்தப் பழகுவது. பிரேக்கைச் செயலிழக்க விடுவதன்று.

பழைய புல்லட்டில் இன்னுமொரு சிக்கல் உண்டு. அதில் கியர் வலக்காலுக்கும் பின் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. மற்ற வண்டிகளிலோ இது நேர்மாறு. இன்றைய வண்டிகளில் பழகிய இளைஞர் பதற்றத்தில் வலக்காலை மிதித்தால் கியர்தான் மாறும். எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில் இருப்பது வலக்கையின் முன் பிடி மட்டுமே. பதறும் கை தேடிச் செல்லும் அந்த ஒன்றாவது வேலை செய்ய வேண்டாமா?

'நாம் மெதுவாகத்தான் போகிறோம்' என்போருக்கு

கணக்கைப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் வேகத்தை நொடிக்கு 3 மீட்டர் வீதம் குறைக்கும் சோம்பலான பிரேக், அதை நிறுத்த ஏறத்தாழ 21 மீட்டர் தூரம் எடுத்துக்கொள்ளும். அதைப்போல் இருமடங்கு வலிமையுள்ள பிரேக் 10 மீட்டரில் நிறுத்திவிடும். நல்ல பிரேக் கொண்ட வண்டி நின்றுவிட்ட அதே இடத்தைச் சோம்பல் பிரேக் கொண்ட வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 28 கிலோமீட்டர். 60இல் வந்திருந்தால், 23 மீட்டரில் ஒன்று நின்றுவிட, மற்றது அதே இடத்தை 42 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில் ஒரு குழந்தை நிற்பதாக எண்ணிப் பாருங்கள். இவையனைத்தும் கை பிடியை அழுத்திய பிறகு உள்ள தூரங்கள். கண் கண்டதைக் கை செய்வதற்குள் கழியும் நொடி வேறு.

'தவக்குல் வைத்துவிட்டோம்' என்போருக்கு

இது நம்மை மிகவும் வருத்தும் வாதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. மதரஸாவின் கடைசி வரிசைச் சிறுவனும் அதை அறிவான். கட்டாமல் விட்ட ஒட்டகம் தொலைந்தால் நட்டம் உரியவருக்கு. நிற்காத வண்டியால் விளையும் நட்டமோ எவருக்கோ! உமது உயிரைக் குறித்து நீர் தவக்குல் வைக்கலாம். எதிரே வரும் மூதாட்டியின் உயிரைப் பணயம் வைத்து உமக்கென்ன தவக்குல்? தவறுதலாக ஓர் உயிரைப் பறித்தவருக்கும் ஈட்டுத்தொகையையும் பரிகாரத்தையும் திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் விதிக்கிறது. தவறுதலுக்கே இவ்வளவு எனில், அறிந்தே விட்டுவைத்த குறைக்கு என்ன பதில் சொல்வோம்?

நாம் சொல்ல வந்தது இவ்வொன்றே: பிரேக் என்பது ஓட்டுபவரின் விருப்பப் பொருளன்று, அது சாலையில் எதிர்ப்படுபவரின் உரிமை. பெயின்ட் நம்முடையது, குரோம் நம்முடையது, பிரேக் அவருடையது. அடியார்களின் உரிமைகளைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவ்வுரிமைகளுள் ஒன்று நம் வலக்கை விரல்களுக்கடியில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

குறைகூறிவிட்டு நகர்வது முறையன்று, வழியையும் சொல்கிறோம். அதற்கு அமைப்பைச் சற்றே அறிதல் வேண்டும். பழைய 350 புல்லட்டின் முன்சக்கரத்தில் ஒரு டிரம்மும், அதனுள் இரு ஷூக்களும், அவற்றை விரிக்க ஒரே ஒரு கேமும் உள்ளன. சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது; மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது. ஆக, இரண்டில் ஒன்றுதான் முழுமையாக உழைக்கிறது. 'ட்வின் லீடிங் ஷூ' எனப்படும் அமைப்பில் ஷூவுக்கு ஒன்றாக இரு கேம்கள் இருப்பதால் இரண்டுமே இறுகப் பற்றுகின்றன.

முதற்படி, இருப்பதைச் செம்மையாக்குவது. டிரம் காலப்போக்கில் வட்டம் கெட்டுப்போகும். ஸ்போக்குகளின் இழுவையும் அதைக் கோணலாக்கும். ஆகவே ஸ்போக் கட்டிய சக்கரத்தோடு சேர்த்தே லேத்தில் கடைந்து வட்டமாக்க வேண்டும். புதிய லைனிங் ஒட்டிய ஷூக்களை டிரம்மின் வளைவுக்கேற்பச் செதுக்கினால்தான் முழுப்பரப்பும் படியும். நுனியில் மட்டும் படியும் ஷூ எத்தனை விலை கொடுத்து வாங்கியதாயினும் பயனற்றதே. நீண்டு தளர்ந்த கேபிளை எறிந்துவிடுங்கள். பிரேக்கை முழுதும் அழுத்தும்போது கேம் கைக்கும் கேபிளுக்கும் இடையே செங்கோணம் அமையுமாறு பாருங்கள். அதைத் தாண்டினால் விசை குறைந்துவிடும். இறுகிப்போன பழைய டயரையும் மாற்றுங்கள். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்பே.

இரண்டாம் படி, இரு கேம் கொண்ட பிரேக் தட்டைப் பொருத்துவது. நாம் செய்தது இதுவே. அதன் வெற்றி இரு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தில் உள்ளது. இரு ஷூக்களும் ஒரே கணத்தில் டிரம்மைத் தொடுமாறு அதைத் திருத்த வேண்டும். அவ்வாறின்றேல் பழைய பிரேக்கே மீண்டும் வந்ததாகக் கொள்ளலாம். ஏற்றத்தில் வண்டி பின்னோக்கி உருளும்போது இவ்வமைப்பின் பிடி குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

மூன்றாம் படி டிஸ்க். இங்கேதான் ஆர்வக்கோளாறு ஆபத்தாகிறது. டிரம் வண்டியின் ஃபோர்க்கில் காலிப்பரைத் தாங்க இடமில்லை. இரும்புத் துண்டொன்றை வெல்டிங் வைத்து, வேறொரு வண்டியின் காலிப்பரை மாட்டித் தருகிறோம் என்பார்கள். மறுத்துவிடுங்கள். அவ்விணைப்பு உடைந்தால் சக்கரமே இறுகிச் சிக்கிவிடும். டிஸ்க்குக்கென்றே செய்த ஃபோர்க் கால், ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றைப் பொருந்தும் தொகுதியாகவே பொருத்த வேண்டும்; பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுவதால் இரண்டாண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வாகன மாற்றங்களுக்கு வரம்பு வைத்துள்ளது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே இதில் இறங்க வேண்டும். சட்டத்தை மதிப்பதும் மார்க்கத்தின் ஒழுக்கமே.

இறுதியாக ஒன்று. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் அத்தூசியைப் பட்டறைச் சிறுவன் வாயால் ஊதுவதை நாம் கண்டிருக்கிறோம். அது நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோயாய் வெளிப்படும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், ஊத விடாதீர்கள். ஓர் உயிரைக் காக்கச் செய்யும் வேலை இன்னோர் உயிருக்குத் தீங்காகிவிடக் கூடாது.

வாப்பாவின் வண்டி இன்றும் அதே கறுப்பு வண்ணத்தோடும் அதே ஓசையோடும் ஓடுகிறது. பார்ப்பவர் எவரும் மாற்றத்தை அறியார். அழுத்தும் விரல்கள் மட்டுமே அறியும். அவருடைய நினைவை நாம் கெடுக்கவில்லை. அவர் வண்டியால் ஒரு குடும்பம் கண்ணீர் சிந்தியிருந்தால், அதுதான் அவர் நினைவுக்கு நேரும் இழுக்கு.

சகோதரர்களே! உங்கள் வீட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறது என்று இதோ சொல்லிவிட்டோம். இனி அறியவில்லை என்று கூற இடமில்லை. அடுத்த ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் ஆளில்லாத இடத்தில் ஒருமுறை முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். நிற்கவில்லையெனில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கு நடந்து செல்லுங்கள்; அதற்கு நன்மையும் உண்டு.

வல்ல அல்லாஹ் நம் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பானாக! ஆமீன்.