டிரினிடாடின் பத்து ஏக்கரும் நம் ஊர்ப் பஞ்சமி நிலமும்

டுவைன் பிராவோவைத் தெரியாதவர்கள் சேலத்தில் குறைவு. பொல்லார்டு, சுனில் நரைன், நிக்கோலஸ் பூரன் ஆகியோரும் அப்படித்தான். நான்கு பேரும் ஒரே நாட்டுக்காரர்கள். எந்த நாடு என்று கேட்டால் ‘வெஸ்ட் இண்டீஸ்’ என்று பதில் வரும். வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது. அது பல நாடுகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கிரிக்கெட் அணி. இவர்களுடைய நாடு டிரினிடாட் அண்டு டொபாகோ. நரைன், பூரன் போன்ற பெயர்கள் அந்த நாட்டுக்கு எப்படிப் போயின என்ற கதையில் நமக்கு வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் பாடம் அல்ல.

டிரினிடாட், டொபாகோ இரண்டு தீவுகளையும் சேர்த்தால் 5,128 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட நம் சேலம் மாவட்டத்தின் பரப்பு. மக்கள்தொகை சுமார் 14 லட்சம். சேலம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 34 லட்சத்துக்கு மேல். கரீபியன் கடலின் தெற்கு முனையில் கிடக்கும் டிரினிடாட்டிலிருந்து வெனிசுலா கரை, குறுகலான இடத்தில், 11 கிலோமீட்டர்தான். வடக்கே ஒரு மலைத்தொடர், நடுவில் கரோனி சமவெளி, தென்மேற்கில் லா பிரே என்ற ஊரில் இயற்கையாகவே தார் ஊறிக் கிடக்கும் ஓர் ஏரி. தார் இருந்த இடத்தில் எண்ணெய் கிடைத்தது, பிறகு எரிவாயு. இன்று அந்நாட்டின் பொருளாதாரம் எரிவாயுவிலும், அதிலிருந்து எடுக்கும் அம்மோனியா, மெத்தனாலிலும் நிற்கிறது. தனிநபர் வருமானம் இந்தியாவைவிடப் பல மடங்கு அதிகம்.

நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஏக்கர் கணக்கில் நிற்கும் குச்சிக்கிழங்குக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகம். வெப்பமண்டல அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் பூர்வகுடிகளின் உணவு அது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து, கடைசியில் சேலத்து ஜவ்வரிசியானது. கிழங்கு இங்கே வந்தது. ஆட்கள் அங்கே போனார்கள்.

ஏன் போனார்கள்? 1834-ல் பிரிட்டிஷ் பேரரசு அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. 1838-ல் ஆப்பிரிக்க மக்கள் முழு விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான, ஓடிப்போக முடியாத ஆட்கள் வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். முதல் கப்பல் 1845 மே 30 அன்று டிரினிடாட் போய்ச் சேர்ந்தது. 1917 வரை சுமார் 1,44,000 பேர். பெரும்பாலோர் இன்றைய உத்தரப்பிரதேசம், பீகார் பகுதியைச் சேர்ந்தவர்கள், சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள் சிறுபான்மை. பக்கத்து கயானாவில் அந்தத் தடம் இன்னும் தெளிவாகத் தெரியும். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு ஆடிய கயானா சுழற்பந்து வீச்சாளர் ஒருவரின் பெயர் வீராசாமி பெருமாள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

சேலம் மாவட்டத்து ஆட்கள் அதிகம் போனது இலங்கைக்கு. 1876-78 பஞ்சம் இந்த மாவட்டத்தை எப்படி அடித்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதும். 1871-ல் சுமார் 19.7 லட்சமாக இருந்தது 1881-ல் சுமார் 16 லட்சமாகிவிட்டது. செத்தவர்கள் யார், ஊரைவிட்டுப் போனவர்கள் யார் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவர்கள்.

இனி அந்த வழக்கமான பாடத்துக்கு வருகிறேன். ‘கடல் தாண்டினால் சாதி போய்விடும், டிரினிடாட்டைப் பாருங்கள்’ என்று முற்போக்கு மேடைகளிலேயே கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. கப்பலில் ஒரே அண்டாவில் சமைத்ததை எல்லோரும் சாப்பிட்டார்கள். தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள், ஒரே கரும்பை வெட்டினார்கள், ஒரே கூலி வாங்கினார்கள். ஊர், சேரி என்ற பிரிவினைக்கு இடமே இல்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற விகிதத்தை எட்டுவதற்கே முகவர்கள் திணறினார்கள். சாதி பார்த்துப் பெண் தேடும் வசதி யாருக்கும் இல்லாததால் கலப்பு மணம் சாதாரணமானது. கப்பலில் ஏறும்போது ஒரு சாதி, இறங்கும்போது பிராமணன் என்று ஆனவர்களைப் பற்றிய கேலி அங்கே இன்றும் உண்டு.

ஆனால் இலங்கையும் கடல் தாண்டித்தான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் போன அந்த மலையகத்தில் சாதி கூடவே போனது. காரணம், ஆள் பிடித்துக் கூட்டிப்போனது கங்காணி. ஊரிலேயே சற்று மேலே இருந்த சாதிக்காரர் பலர் பெரிய கங்காணி ஆனார்கள். சொந்தம், ஊர், சாதி என்று கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய், லயத்தையும் சாதிவாரியாகப் பிரித்தார்கள். ஊரின் அதிகாரம் மலையேறிப் போய் உட்கார்ந்துகொண்டது. உப்புத் தண்ணீர் சாதியைக் கரைக்கும் என்றால் அது இரண்டு கடலிலும் கரைந்திருக்க வேண்டும்.

நான் சேலம், நாமக்கல் சமவெளியின் நில உடைமை பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். டிரினிடாட் பக்கம் என் கவனம் திரும்பியதற்குக் காரணம் ஓர் ஆண்டு: 1869.

ஒப்பந்தப்படி, பத்தாண்டு அந்தத் தீவில் இருந்தவருக்கு இந்தியா திரும்பக் கப்பல் செலவை அரசு தர வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கவும், பழகிய ஆட்களைத் தோட்டங்களின் பக்கத்திலேயே நிறுத்திவைக்கவும் 1869-ல் காலனிய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தால் பத்து ஏக்கர் அரசு நிலம். சில ஆண்டுகளில் அது ஐந்து ஏக்கரும் ஐந்து பவுண்டும் என்றானது. 1880-ல் நிறுத்தப்பட்டது. இதில் கருணை எதுவும் கிடையாது, வெறும் கணக்கு. ஆனாலும் இங்கே கோவணத்துக்கு மேல் சொத்தில்லாமல் போனவர்கள் அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். மற்றவர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். சதுப்பில் நெல் போட்டார்கள், கோகோ வைத்தார்கள், சொந்தக் கரும்பு விளைவித்து ஆலைக்கு விற்றார்கள். 1868-ல் வந்த கனடா நாட்டு பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் பள்ளிகள் தொடங்கினார்கள். நிலமும் பள்ளியும் இரண்டு தலைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு அந்தத் தீவின் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், பிரதமர்கள் பட்டியலைப் பார்த்தால் போதும்.

அதே பேரரசு, 23 ஆண்டுகள் கழித்து, நம் மாகாணத்திலும் நிலம் கொடுத்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார், 1892-ல் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. டிரினிடாடில் கொடுத்த பத்து ஏக்கருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு நிபந்தனை கிடையாது. சட்டத்தைப் பார்த்தால் நம்முடையதுதான் கெட்டியானது.

கெட்டியான சட்டம் இருந்தும் நிலம் போனது, அங்கே நின்றது. ஏன்? அங்கே பக்கத்து வயலில் பண்ணாடி இல்லை. கடன் கொடுத்துக் கைநாட்டு வாங்க, கிணற்றுக்குப் போகும் வழியை மறிக்க, கர்ணமாக உட்கார்ந்து கணக்கை மாற்றி எழுத ஒரு ஆதிக்கச் சாதி ஊர் அங்கே அந்த நிலத்தைச் சுற்றி இல்லை. வெள்ளைத் தோட்ட முதலாளி கொடுமைக்காரன்தான். ஆனால் அவனுக்கு வேண்டியது கரும்பும் உழைப்பும். கூலிக்காரன் நிலம் வைத்திருப்பதே தன் மானத்துக்கு இழுக்கு என்று அவன் நினைக்கவில்லை. நம் ஊரில் ஒரு அருந்ததியர் நிலம் வைத்திருப்பதும், பைக்கில் போவதும், காதலிப்பதும் ஒரே குற்றத்தின் வெவ்வேறு வடிவங்கள். 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலுக்கு வந்த ஓமலூர் கோகுல்ராஜ் பள்ளிபாளையம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022-ல் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் கொலைக்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்கள் இந்தச் சமவெளியில் காடு யாருடையது, கோழிப் பண்ணை யாருடையது, சேகோ ஆலை யாருடையது, அங்கே சம்பளத்துக்கு நிற்பது யார் என்று ஒரு நாள் சுற்றிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டு மக்களில் 20 சதவீதம் பட்டியலினத்தவர். சாகுபடி நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

டிரினிடாட்டைச் சொர்க்கமாகவும் காட்ட வேண்டாம். விடுதலையான ஆப்பிரிக்கர்கள் நிலம் வாங்கிவிட்டால் கரும்பு வெட்ட வரமாட்டார்கள் என்பதற்காக, அரசு நிலத்தைச் சிறு துண்டுகளாக விற்காமல் நூற்றுக்கணக்கான ஏக்கராக மட்டுமே விற்பது என்று 1869-க்கு முந்தைய காலனிய அரசு வைத்திருந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் ரத்தம் சிந்தியவர்களுக்கு மறுத்த நிலத்தில்தான் பின்னால் வந்த இந்தியர்கள் கால் ஊன்றினார்கள். அந்தப் பூசல் இன்றும் ஆப்பிரிக்கர் கட்சி, இந்தியர் கட்சி என்று தேர்தலில் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமம், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் 1944-ல் எழுதிய ‘முதலாளித்துவமும் அடிமைமுறையும்’ நூலைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். நீதிக்கட்சி சேலத்தில் திராவிடர் கழகமான ஆண்டும் அதுதான்.

சாதியும் முழுக்கச் செத்துவிடவில்லை, உடை மாற்றிக்கொண்டது. புரோகிதம் பிராமண வம்சத்தார் கையிலேயே நின்றது. 1952-ல் உருவான சனாதன தர்ம மகாசபை வட இந்திய வைதிக வழிபாட்டையே இந்து மதம் என்று நிறுவியது. மதராசிகள் கொண்டுபோன காளி வழிபாடு, பலி, சாமியாட்டம் எல்லாம் கீழானவை என்று ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. 2025 ஜூலையில் அங்கே போன மோடி, பிரதமர் கமலா பெர்சாத் பிசேசரை ‘பீகாரின் மகள்’ என்று கொண்டாடினார். அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஆறாவது தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை என்றும் அறிவித்தார். பட்டினியால் துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அட்டை தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 1892-ல் நிலம் வாங்கியவர்களின் ஆறாவது தலைமுறை இங்கே தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 2003-ல் டிரினிடாட் அரசு தன் சர்க்கரை நிறுவனமான கரோனியை மூடியது. சுமார் 9,000 பேர் வேலையிழந்தார்கள். ஆளுக்கு இரண்டு ஏக்கர் விவசாய நிலம் குத்தகைக்கு, ஒரு வீட்டுமனை என்று வாக்குறுதி. அதற்காக அவர்கள் நீதிமன்றம் ஏறி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2006 தேர்தலில் தி.மு.க. நிலமற்ற குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் என்றது. செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. தரிசு எவ்வளவு இருக்கிறது என்று சட்டமன்றத்தில் சண்டை போட்டார்கள். தரிசைத் தேடிய ஆட்சி பஞ்சமி நிலத்தைத் தேடவில்லை. இரண்டு கழகங்களும் இதில் ஒன்றுதான். ஆக்கிரமித்தவர்கள்தானே இரண்டு கட்சிக்கும் ஒன்றியச் செயலாளர்கள். 1994-ல் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மாலை போடும் எந்தக் கட்சியும் அந்த இரண்டு பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆய்வுக்காக ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய அ-பதிவேடு கேட்டேன். ‘இணையத்திலேயே இருக்கிறதே’ என்றார்கள். இணையத்தில் இருப்பது இன்றைய பதிவு. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். நிலவரித் திட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. பஞ்சமி, டி.சி. நிலம், நிபந்தனைப் பட்டா என்ற குறிப்புகள் பல இடங்களில் காணாமல் போனது அந்த மாற்றத்தில்தான். எனவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடும் தோழர்கள் ‘பஞ்சமி நிலம் எவ்வளவு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள், ‘தகவல் இல்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கிராமத்தின் பெயரைக் குறிப்பிட்டு, யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகல், பழைய, புதிய சர்வே எண்களின் ஒப்பீட்டுப் பட்டியல் இரண்டையும் கேளுங்கள். முதலில் உங்கள் சொந்த ஊருக்கு.