புது புல்லட்டுல 'உயிர்' இல்லையா? ஒரு நீள் இழை

1/
"புது புல்லட்டுல உயிரே இல்ல டாக்டர். சத்தம் இல்ல, அதிர்வு இல்ல. அதெல்லாம் ஒரு புல்லட்டா?"

ஏனாத்தூர் டீக்கடையில ஒரு தம்பி என்கிட்ட சொன்னது. ஒரகடம், வல்லம் வடகால்னு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துலயே தயாராகுற வண்டி. அதனால இங்க எல்லாருக்கும் இதுல ஒரு கருத்து உண்டு. எனக்கும் உண்டு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல வரலாறு. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல புல்லட் 350 உருவாச்சு. இங்கிலாந்துல கம்பெனியே மூடின பிறகும் இங்க வண்டி நிக்கல. காஸ்ட் அயர்ன் இன்ஜினோட பல பத்து வருஷம் கிட்டத்தட்ட அதே உருவத்துல ஓடுச்சு.

3/
இப்ப வர்றது ஜே சீரிஸ் இன்ஜின். 2020ல் மீட்டியார், 2021ல் கிளாசிக், 2023 செப்டம்பர்ல புல்லட். 349 சிசி, சுமார் 20 குதிரைத்திறன். டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் தாத்தா காலத்து உருவம். உள்ள இருக்கறது முழுக்க புதுசு. சண்டையே இங்கதான் ஆரம்பிக்குது.

4/
அந்த "டுபு டுபு" எங்க போச்சு? பழசுல ஒரே பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது வர்ற ஆட்டம் அப்படியே ஹேண்டில்பாருக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் வரும். புதுசுல அந்த ஆட்டத்தை சமன் பண்ண பேலன்சர் ஷாஃப்ட் இருக்கு. கூடவே 2020 ஏப்ரல்ல வந்த பிஎஸ்6 புகை விதி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். சத்தம் அடங்கினதுக்குக் காரணம் இதெல்லாம்தான்.

ரசிகர்கள் இதை "உயிர் போச்சு"ன்னு சொல்றாங்க. நாள் முழுக்க பழைய வண்டி ஓட்டிட்டு, ராத்திரி கை மரத்துப்போகுது, விரல் சுருக்கு சுருக்குங்குதுன்னு ஓபிக்கு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்களுக்கு அதே அதிர்வு ஒரு நோய்க்குறி.

5/
அடுத்து கிக்கர். எங்க பெரியப்பாகிட்ட ஒரு பழைய புல்லட் இருந்துச்சு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸர் லீவரை அமுக்கி, பிஸ்டனை சரியான இடத்துக்குக் கொண்டுவந்து அப்புறம்தான் உதைக்கணும். தப்பினா ரிட்டர்ன் அடிக்கும். ஒருநாள் அடிச்சுது. கல்யாணத்துக்குக் கிளம்பின மனுஷன் கணுக்கால் வீங்கி ஒரு மாசம் வீட்டுல உக்காந்தார். இன்னைக்கும் அதைப் பெருமையாத்தான் சொல்வார்! எக்ஸ்ரே எடுக்கற இடத்துல இருக்கற எனக்கு செல்ஃப் ஸ்டார்ட்தான் பெரிய முன்னேற்றம்.

6/
இப்ப கொஞ்சம் கனமான விஷயம். (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.)

புதுசு வேண்டாம், "ஒரிஜினல்" வேணும்னு ஒரு தம்பி பழைய காஸ்ட் அயர்ன் வண்டி வாங்கினான். அதுல கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. வாழ்க்கை முழுக்க அவன் ஓட்டினது அதுக்கு நேர் தலைகீழ். குறுக்க மாடு வந்தப்போ பழக்கத்துல வலது காலை அழுத்தினான். கியர்தான் மாறுச்சு, வண்டி நிக்கல. ஹெல்மெட் டேங்க் மேல இருந்துச்சு.

7/
முதலுதவி பண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டான். சில மாசம் கழிச்சு அம்மாவோட வந்தான். நடக்கறான், பேசறான். வாசனை மட்டும் தெரியல. தலையில அடிபடும்போது மூக்குக்கு மேல இருக்கற மெல்லிய நரம்பிழைகள் அறுந்துபோகலாம். பலருக்கு அது திரும்ப வராது.

"அடுப்புல சோறு தீயுது, பக்கத்துலயே உக்காந்திருக்கான் சார், தெரியல"ன்னு அந்தம்மா சொன்னாங்க.

8/
அதனால என்கிட்ட யாராவது "பழசா, புதுசா"ன்னு கேட்டா, தினமும் ஓட்டறதுக்கு யோசிக்காம புதுசுன்னு சொல்வேன். முன்னாடி டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், எல்லா வண்டியிலயும் இருக்கற மாதிரி கியர் இடது பக்கம். திடீர்னு பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம ஏபிஎஸ் காப்பாத்தும். ஆனா தலையை அது காப்பாத்தாது. அதுக்கு ஹெல்மெட் மட்டும்தான், பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேர்த்து.

9/
ரசிகர்கள் சொல்றதுல ஒண்ணை நான் முழுசா ஒத்துக்கறேன். பழைய புல்லட்டை ஒரு தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரும் காதும் வெச்சே சரி பண்ணிடுவார். புதுசுல சென்சார் கோளாறுன்னா கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கணும். அந்த மெக்கானிக்கோட பிழைப்பும், நம்ம வண்டியை நாமளே புரிஞ்சுக்கற சந்தோஷமும் குறையுது. தறிச் சத்தத்தை வெச்சே எங்க கோளாறுன்னு சொல்ற நெசவாளர்கள் இருக்கற ஊர்க்காரனுக்கு இந்த வருத்தம் புரியும்.

10/
ஆனா "உயிர்" வேணும்னு புது வண்டியில சைலன்சரை மாத்தறதை மட்டும் ஒத்துக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாசம் வரை சிறையோ, ரெண்டும் சேர்த்தோகூட கிடைக்கலாம். ஆஸ்பத்திரியைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்க ராத்திரி வரம்பு 40 டெசிபல்.

ராத்திரி 2 மணிக்கு, ரொம்ப நேரம் அழுது இப்பதான் கண் மூடின குழந்தை வார்டுல இருக்கும். வெளிய ஒரு "டுபு டுபு" போகும். வார்டே எழுந்துக்கும். ஓட்டற தம்பிக்கு அது தெரியவே தெரியாது. இப்ப தெரிஞ்சுடுச்சு இல்லையா?

11/
பழைய புல்லட் வெச்சிருக்கீங்களா? பத்திரமா வெச்சுக்கோங்க, பொக்கிஷம் அது. கூட்டமில்லாத ரோட்டுல அந்தக் கியரும் பிரேக்கும் காலுக்கு நல்லா பழகின பிறகு மெயின் ரோட்டுக்கு வாங்க. புதுசு வெச்சிருக்கீங்களா? கம்பெனி சைலன்சரோட ஓட்டுங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே வேண்டுகோள்: ஹெல்மெட்டை டேங்க் மேல இருந்து எடுத்துத் தலையில மாட்டுங்க. பட்டையையும் போடுங்க.

உங்க வீட்டுப் புல்லட் கதை இருந்தா கீழ சொல்லுங்க, டியூட்டி முடிஞ்சு படிக்கறேன்.