படகின் அடியில் துளை எதற்கு?

ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் விவசாயி பரிசலை விட்டு அலுமினியப் படகுக்கு மாறினால், அடுத்து ஓர் ஆசை வருகிறது. மீன்குஞ்சுகளை உயிரோடு கொண்டு செல்லப் படகிலேயே ஒரு தொட்டி. அதற்கு ஏரித் தண்ணீர் வர அடித்தகட்டில் ஒரு துளை. துளையில் ஒரு பித்தளைக் குழாய்முனை. பட்டறையில் சிறிது நேர வேலைதான். ஆனாலும் இது வேண்டாத வேலை. பித்தளையைப் போட்டால் தவறான வேலையும்கூட.

நீர்மட்டத்துக்கு அரை அடி கீழே உள்ள ஓர் அங்குலத் துளையில் குழாய்முனை கழன்றுவிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் உள்ளே ஏறும். அதாவது இரண்டு குடம். நடு ஏரியில் வலையோடு தனியாக இருப்பவர் எதைக் கவனிப்பார்? தொட்டிக்குத் தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றலாம். கழிவு நீர் வெளியேற மட்டும், முழுச் சுமையிலும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி பக்கத் தகட்டில் துளை போட்டுக்கொண்டால் போதும்.

பித்தளை ஏன் ஆகாது? போர்டோ கலவையை உலோகப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்பது விவசாயிகள் அறிந்ததே. துத்தம் அதிகமாகிவிட்ட கலவையில் இரும்புக் கத்தியை நனைத்தால் செம்பு படியும், இரும்பு கரையும். பித்தளையில் பெரும்பகுதி செம்புதான். ஈரத்தில் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தால் அரிக்கப்படுவது அலுமினியமே. உப்பு கலந்த தண்ணீரில் இது இன்னும் விரைவாக நடக்கும். செம்புக் கம்பித் துண்டு ஒன்று படகின் அடியில் தங்கினாலும் நாளடைவில் தகடு ஓட்டையாகும். மயில்துத்த மூட்டையைப் படகில் ஏற்றவே கூடாது.

துளை போட்டே தீர வேண்டுமென்றால், கண்ணாடி இழை சேர்த்த நைலான் குழாய்முனையை வாங்குவது நல்லது. சாதாரணப் பிளாஸ்டிக் வெயிலில் நைந்துவிடும். முக்கால் அங்குலக் குழாய் என்று சொல்லி முக்கால் அங்குலத் துளை போட்டு ஏமாறுவோர் உண்டு. அளக்க வேண்டியது மரையின் வெளி விட்டத்தை. படகைக் கரையேற்றிக் காயவைத்த பிறகே மின்சார டிரில்லைத் தொட வேண்டும். பற்றவைத்த இடம், ரிவெட் வரிசை, உள்சட்டம் இவற்றிலிருந்து விலகி, முதலில் சிறு துளை. பின் உலோகம் அறுக்கும் வட்ட ரம்பத்தால், தகட்டுக்குப் பின்னால் மரக்கட்டை கொடுத்து, மண்ணெண்ணெய் சொட்டவிட்டு மெதுவாக அறுக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் அலுமினியம் ரம்பப் பல்லில் அப்பிக்கொள்ளும். விளிம்பை அரத்தால் மழுக்கி, தூளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

குழாய்க்காரர்கள் வழக்கமாக எடுக்கும் ஈய வெள்ளையும் செவ்வீயமும் அலுமினியத்துக்கு ஒவ்வாதவை. காடி வாசனை வரும் சிலிக்கான் பசையும் வேண்டாம். படகுக்கென்றே விற்கும் பாலியூரித்தேன் பசையைத் தடவி முடுக்கலாம். மெல்லிய தகடாதலால் உட்புறம் ஓர் அலுமினியப் பட்டை கொடுப்பது அவசியம். மரப்பலகை ஈரம் பிடித்து அரிப்புக்கு இடம் தரும். தண்ணீருக்குக் கீழே உள்ள துளையென்றால், அதே நைலானில் அடைப்பு வால்வு இல்லாமல் படகை இறக்கக் கூடாது.

பசை நன்றாக இறுகிய பிறகு, கரையோரத்தில் மிதக்கவிட்டு ஒரு மணி நேரம் கசிவு பார்த்தபின் ஏரிக்குள் போகலாம். மறுநாள் காலையிலும் ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது நலம்.