கூட்டம் சேர்ப்போர்க்கே வழியமைக்கும் கடன்

மல்லாங்கிணற்று உழவரும் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலாளரும் பொங்கற் புத்தாடைக்கு மதுரை நோக்கிப் பேருந்தேறுகின்றனர். மாசி வீதிகளில் கால் வைத்ததும் நடை தடைப்படுகின்றது. ஓரமெல்லாம் ஈருருளிகள், நடுவெல்லாம் சீருந்துகள், கடைவாயிலில் சரக்குந்துகள். மக்கட்பெருக்கமே இதற்குக் காரணமென்பார் உண்மையை மறைப்போரே!

ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி, வெளி எனக் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காய் அமைந்த வீதிகள், கூட்டம் சுற்றிவர இடம் தந்தவை. புகாரின் நாளங்காடியைச் சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடைப்பட்ட சோலைவெளியிற் காட்டுகின்றது. அங்காடிக்கு வெளி வேண்டும் என்னும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று.

இன்றைய பேரங்காடிகள் பலவற்றின் பெயரில் தமிழும் இல்லை. வாயிலில் வழியும் இல்லை. சென்னைத் தியாகராயர் நகரே சான்று. விதிமீறிக் கட்டடங்கள் எழுந்தன. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-அ பிரிவு சேர்க்கப்பட்டுப் பணம் பெற்று மீறலை ஏற்கவும் வழி திறக்கப்பட்டது. நெரிசல் முற்றியபின், 2019இல் தியாகராயர் சாலையில் அகன்ற நடைபாதை வளாகமும், 2023 மே 16இல் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 570 மீட்டர் நடைமேம்பாலமும் திறக்கப்பட்டன. நற்பணிகளே, ஆயினும் செலவு பொதுமக்கள் பணம். ஊதியம் வணிகர்க்கு, ஒழுங்குபடுத்தும் சுமை ஊரார்க்கு என்பது எவ்வகை அறம்?

நிறுத்துமிடக் கட்டணத்திற்கு அஞ்சியே பலர் வண்டியைத் தெருவில் விடுகின்றனர். தெலங்கானா அரசு 2018இல் பேரங்காடிகளில் முதல் 30 நிமையம் கட்டணமின்றி நிறுத்த ஆணையிட்டது. பிற மாநிலம் செய்ததைத் தமிழ்நாடு செய்யலாகாதா?

பேரங்காடி எழுப்புவோர் தம் நிலத்திலேயே பேருந்து நிற்க இடம் விடல் வேண்டும். வரைபடத்தில் நிறுத்துமிடமெனக் காட்டிய கீழ்த்தளத்தைக் கிடங்காக்குதல் கூடாது. சரக்கிறக்கம் இரவில் நிகழ்தல் வேண்டும். திருவிழா நாள்களில் கூட்டத்தை நெறிப்படுத்தும் ஆட்களை அவர்களே அமர்த்தல் வேண்டும். இவற்றை ஏற்றாலன்றி உரிமம் இல்லை என அரசு உறுதியாய் நிற்றல் வேண்டும். தெருவோரச் சிறுகடைக்காரரை மட்டும் விரட்டுவது நெரிசல் நீக்கமன்று, எளியோரை ஒடுக்குதலே!

வணிகம் குன்றுமென அஞ்சற்க! வழி எளிதாயின் வருவோர் பெருகுவர். விருதுநகரிலோ அருப்புக்கோட்டையிலோ இனி எழும் ஒவ்வொரு பேரங்காடியிடமும் ஊர்மக்கள் முதலிற் கேட்க வேண்டிய வினா ஒன்றே: கடை எங்கே என்பதன்று, வழி எங்கே என்பதே!