மாமி ஊரில் இல்லை!

வேளச்சேரிவாசிகளுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. வானம் கறுத்தால் போதும், வயிற்றில் புளியைக் கரைக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பட்ட பாடு அப்படி!

போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை. எங்கள் கூடத்துச் சுவரில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. மாடி வீட்டு பால்கனியில் தண்ணீர் போகும் துவாரத்தைச் சருகு அடைத்துக்கொண்டுவிட்டது. மாடி வீட்டு மாமியோ பெண்ணின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருக்கிறாள். போன் அடித்தால் எடுக்கவில்லை. சாவி மட்டும் எதிர் வீட்டு அம்மாளிடம் இருந்தது.

மாடிப்படியில் மகாநாடு கூடிற்று. "ஆள் இல்லாத வீட்டில் கேட்காமல் நுழையலாமா?" என்றாள் ஒருத்தி. "சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது, இப்போது போய் மரியாதை பார்ப்பதா?" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து சருகை வாரி எடுத்தாள். பத்தே நிமிஷத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் தேவலை. "வந்ததுதான் வந்தோம்" என்று பூந்தொட்டிகளையெல்லாம் நகர்த்தி, அழகாக வேறு அடுக்கிவிட்டு வந்தாள்! மாமி திரும்பி வந்ததும் நன்றி சொன்னாளா? "என் துளசியை யார் இடம் மாற்றினது?" என்றுதான் கேட்டாள். பதினைந்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இதை என் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். நம் பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் பல வருஷங்கள் மாதாமாதம் கூடிய சென்னை லினக்ஸ் குழுவில் போய்ப் பழகியவன். அவன் சிரிக்கவில்லை. "அக்கா, எங்கள் உலகத்திலும் ரொம்ப நாளாக நடக்கிற சண்டை இது" என்றான்.

அவன் சொன்ன விஷயம் சுவாரசியமாக இருந்ததால் உங்களுக்கும் சொல்கிறேன்.

யார் வேண்டுமானாலும் பார்க்கவும் திருத்தவும் உரிமையோடு எழுதப்படும் மென்பொருள்களைக் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். அவற்றைச் சேகரித்துத் தரும் பெரிய அமைப்புகளில் ஒன்று டெபியன். 1993-ல் அமெரிக்காவில் இயன் மர்டாக் என்ற மாணவர் ஆரம்பித்தது. தம் காதலி டெப்ராவின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து 'டெபியன்' என்று வைத்தார். பிற்பாடு அவளையே மணந்துகொண்டார். 2023-ல் இதன் உலக மகாநாடு கொச்சியில் நடந்தது.

டெபியனில் 60,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒருவரோ ஒரு குழுவோ உண்டு. பெரும்பாலோர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள். அவர்களுக்கும் பிரசவம், காய்ச்சல், கல்யாணம் எல்லாம் வராதா? அந்தச் சமயம் பார்த்துப் பொட்டலத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது? இன்னொருவர் கை வைக்கலாமா?

"2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யார் எழுதியதையும் யாரும் திருத்துகிறார்களே?" என்று கேட்டேன்.

"அங்கே தப்பு நடந்தால் ஒரு கட்டுரை கெடும், அக்கா. உடனே பழையபடி மாற்றியும்விடலாம். இங்கே தப்பு நடந்தால் எத்தனையோ பேருடைய கம்ப்யூட்டர் கெடும்" என்றான்.

ஆகவே டெபியன்காரர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறார்கள். பொறுப்பாளர் அல்லாத இன்னொரு உறுப்பினரும் திருத்தலாம். ஆனால் எது பழுதோ அதை மட்டும் திருத்தவேண்டும். தன் ரசனைக்கு வேறொன்றையும் மாற்றக்கூடாது. என்ன மாற்றினோம் என்பதைப் பொறுப்பாளருக்கு எழுதி அனுப்பவேண்டும். அவசரமில்லையென்றால் திருத்தத்தைச் சில நாள் காத்திருக்கும் வரிசையில் வைக்கலாம். 15 நாள் வரைகூட வைக்க வசதி உண்டு. அதற்குள் பொறுப்பாளர் வந்துவிட்டால் தடுத்துவிடலாம். எண்ணிலேயே அடையாளமும் உண்டு. 3 என்று முடிந்த எண் 3.1 என்று ஆனால், வேறொருவர் கை பட்டது என்று அர்த்தம். முக்கியமாக, திருத்தியவர் புதிதாக ஏதாவது கெடுத்திருந்தால் அதைச் சரிசெய்வதும் அவர் பொறுப்புதான்.

"என் பொட்டலத்தை யாரும் தாராளமாகத் திருத்தலாம்" என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருக்கும் நல்லவர்களும் உண்டாம்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு என்று கேட்கிறீர்களா? 2006-ல் இரகசியச் சாவிகளை உண்டாக்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்ற மென்பொருளில், எச்சரிக்கை காட்டிய வரிகளை டெபியன்காரர் ஒருவர் நீக்கினார். அதை முதலில் எழுதியவர்களின் மடற்குழுவில் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால் விளைவை யாரும் சரியாக ஆராயவில்லை. கணக்கற்ற விதமாக இருக்கவேண்டிய சாவிகள், ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 விதங்களுக்குள் அடங்கிப்போயின. திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம்! 2008 மே மாதம்தான் குட்டு வெளிப்பட்டது.

அப்படியானால் ஒருவரே பூட்டி வைத்துக்கொள்வது பத்திரமா? அதுவும் இல்லை. 'எக்ஸ்இஸட்' என்ற மென்பொருளை ஒருவர் வருஷக்கணக்காகத் தனியாகச் சுமந்து களைத்துப்போயிருந்தார். உதவிக்கு வந்த முகம் தெரியாத ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவராக நடந்து, அதிகாரத்தில் பங்கு பெற்று, 2024-ல் உள்ளே கள்ளவழி வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். களைத்த மனிதருக்கு முன்பே நாலு பேர் தோள் கொடுத்திருந்தால், அந்த ஒரே ஆளை அவ்வளவு நம்பவேண்டி வந்திருக்காது.

சகோதரிகளே, நம் வீட்டிலும் கதை இதுதானே? "என் சமையலறையில் யாரும் கை வைக்கக்கூடாது" என்று பெருமையாகச் சொல்கிறோம். நாம் படுத்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பருப்பு டப்பா எது என்று தெரிவதில்லை. காய்ச்சலோடு நாமே எழுந்து வரவேண்டியிருக்கிறது. பொறுப்பு நம்முடையதாகவே இருக்கட்டும். சாவி இன்னொருவரிடமும் இருந்தால் என்ன? உதவிக்குப் போகிறவர்களும் சருகை எடுத்துவிட்டு, துளசியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரலாமே!

தம்பி சொன்னதை மாமியிடம் மெள்ள எடுத்துச் சொன்னேன். இந்தக் கார்த்திகையில் மறுபடி பெங்களூர் கிளம்பினாள். பேரனுக்கு ஆயுஷ்ஹோமம்.

புறப்படுமுன் எதிர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாவியைக் கொடுத்தாள். "இந்தாடி அம்மா! தண்ணீர், காஸ், கரண்ட், இந்த மூன்றுக்கும் என்னைக் கேட்கவேண்டாம், திறந்துகொண்டு போ. என்ன செய்தாய் என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடு" என்றாள்.

இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"துளசியைத் தொடாதே!"