கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கீபோர்டு

ஆக்லாந்துத் தமிழ் வீடுகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஆறு வயதில் கீபோர்டு வகுப்பு. வருடத்துக்கு ஒரு கிரேடு. பதினாறு வயதில் எட்டாவது கிரேடு, சான்றிதழுக்கு ஒரு பிரேம், சுவரில் ஓர் ஆணி. அடுத்த வாரமே கீபோர்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதன் பிறகு பொறியியல், இல்லையென்றால் மருத்துவம்.

பழியை அம்மா அப்பா தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தப்பிக்காதீர்கள். தம்பி தங்கைகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். “ராக் எல்லாம் வெள்ளைக்காரங்க சமாசாரம், நமக்கு ரஹ்மான் போதும்” என்று உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு வரியில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு ரஹ்மானைப் பற்றியது. அவருடைய அப்பா ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. அப்பாவின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. பள்ளிக்கூட வயதிலேயே அவர் இளையராஜா உள்ளிட்டோரின் ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசித்தார். அது மட்டுமில்லை. சென்னையில் சிவமணி, ஜான் ஆன்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் போன்றவர்களோடு ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் இருந்தார். ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவிலும் வாசித்தார். இதெல்லாம் 1992-இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்னால். ரஹ்மானை வைத்து ராக்கை ஒதுக்குகிறவர்களுக்கு ரஹ்மானையே தெரியாது.

இரண்டாவது தப்பு நாம் வாழும் ஊரைப் பற்றியது. எடி ரேனர் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 1972-இல் இதே ஆக்லாந்தில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய குழு ஸ்ப்ளிட் என்ஸ். ரேனர் 1974-இல் அதில் கீபோர்டுக்காரராகச் சேர்ந்தார். 1975-இல் வந்த முதல் ஆல்பம் ‘மென்டல் நோட்ஸ்’. அதில் ஏழு நிமிடத்துக்கு ஓடும் பாடல்கள் உண்டு. தாளம் நடுவில் மாறும், மெட்டு திடீரென்று வேறு வீட்டுக்குள் நுழைந்தது போலத் திரும்பும். ப்ரோக்ரெசிவ் ராக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஆல்பத்தைத்தான் கொடுப்பேன்.

பின்னணியில் வயலின் கூட்டம் போல ஒன்று கேட்கும். அது மெல்லட்ரான். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் எட்டு விநாடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஆகவே எட்டு விநாடிக்குள் அடுத்த ஸ்வரத்துக்குப் போயாக வேண்டும். கருவியின் குறையே வாசிப்பின் பாணியாக மாறியது. பொறியியல் படிக்கப்போகிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எது?

ரேனர் ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. குழு 1976-இல் இங்கிலாந்தில், ராக்ஸி மியூசிக் குழுவின் ஃபில் மான்சனேரா தயாரிப்பில், ‘செகண்ட் தாட்ஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது. பிறகு பாடல்கள் சுருங்கின, 1980-இல் ‘ட்ரூ கலர்ஸ்’ வந்தது, அதிலிருந்து ‘ஐ காட் யூ’ ஆஸ்திரேலியாவிலும் இங்கேயும் முதலிடம் பிடித்தது. மூன்று நிமிட பாப் பாடல் யுகத்திலும் ரேனர் தன் பாடல் வரியில்லாத இசையை விடவில்லை. அந்த ஆல்பம் முடிவதே அவருடைய ‘தி கோரல் சீ’யில்தான். 1981-இல் வந்த ‘வயாட்டா’ (மாவோரி மொழியில் பாடல் என்று பொருள்) அவருடைய ‘ஆல்பர்ட் ஆஃப் இந்தியா’வோடு முடிகிறது. ஆக்லாந்துக் குழுவின் ஆல்பம் ஒன்று இந்தியாவின் பெயரில் முடிகிறது, நமக்கு அது தெரியாது. வெட்கப்பட வேண்டியது யார்?

“சரி அண்ணா, சோறு போடுமா?” என்பீர்கள். நியாயமான கேள்வி. குழு 1984-இல் கலைந்தது. ரேனர் 1986-இல் பால் மெக்கார்ட்னியின் ‘பிரஸ் டு ப்ளே’ ஆல்பத்தில் வாசித்தார். 1996-இல் பழைய ஸ்ப்ளிட் என்ஸ் பாடல்களை நியூசிலாந்து சிம்பொனி இசைக்குழுவோடு சேர்த்து ‘என்ஸோ’ ஆல்பமாக்கினார். இது பிழைப்பு இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

ஆனாலும் வேலையை விடச் சொல்லி நான் உங்களைத் தூண்டவில்லை. நானே பொறியியலில் முதுகலை முடித்து ஐடி வேலையில் இருக்கிறவன். என் சண்டை வேறு. நம் பொங்கல் விழாவையும் தீபாவளி விழாவையும் பாருங்கள். மேடையில் ஒருவர் பாடுகிறார், பின்னால் யூஎஸ்பி குச்சியிலிருந்து கரோக்கே டிராக் ஓடுகிறது. கீழே நாற்காலியில் எட்டாவது கிரேடு முடித்த பத்துப் பேர் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வருட வகுப்புக் கட்டணம் அந்த நாற்காலிகளில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தரையும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. நீங்களும் கேட்பதில்லை.

கிரேடு பரீட்சை கெட்டது என்று சொல்ல வரவில்லை. விரலுக்கு அது பயிற்சி தரும். ஆனால் அடுத்தவர் எழுதியதைப் பிழையில்லாமல் வாசிப்பதற்குத்தான் அதில் பெரும்பாலான மதிப்பெண். டிரம்ஸ்காரர் தாளத்தை மாற்றினால் என்ன செய்வது, கிட்டாருக்கு எப்போது இடம் விடுவது, அம்மா முணுமுணுக்கும் மோகனத்துக்கு எந்தக் கார்டு ஒட்டும், இதையெல்லாம் குழுவில்தான் கற்றுக்கொள்ள முடியும். வீட்டில் கர்நாடக இசை, பள்ளியில் பாப், சான்றிதழில் பாக். இத்தனையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கும் நீங்கள் அதையெல்லாம் சேர்த்து வாசிக்காமல் வேறு யார் வாசிப்பார்கள்?

ஆகவே கேட்பது ஒன்றுதான். மூன்று பேர் சேருங்கள். யாராவது ஒருவருடைய கராஜ் போதும். ஏழு நிமிடத்தில் ஒரே ஒரு பாட்டு செய்யுங்கள், தமிழிலோ வார்த்தையே இல்லாமலோ. அடுத்த விழாவுக்கு ஏற்பாட்டு அங்கிளிடம் போய், டிராக் வேண்டாம், நாங்கள் வாசிக்கிறோம் என்று சொல்லுங்கள். முதல் தடவை சொதப்பினால் சொதப்பட்டும். யூஎஸ்பி குச்சி ஒருநாளும் சொதப்பாது, ஆனால் ஒருநாளும் முன்னேறவும் செய்யாது.